சல்மியாக்கி மிட்டாயில் சத்து ஏதாவது உண்டா? ரத்த அழுத்த மாத்திரை எடுக்கும் அம்மாவுக்குக் கொடுக்கலாமா?

சத்தா? சர்க்கரைதான். வேலைக்காக ஹெல்சிங்கியில் இருக்கிறேன்; இங்கே மளிகைக் கடைகளில் அதிமதுரம் சேர்த்த, கரிக்கும் இந்தக் கறுப்பு மிட்டாய்க்கே தனியாக அலமாரி இருக்கும். பாக்கெட்டின் பின்பக்கத்தைப் பார்த்தால் பெரும்பாலும் 100 கிராமுக்கு 300 முதல் 350 கலோரி. கொழுப்பு இல்லையென்றே சொல்லலாம், புரதமும் சொற்பம். மிருதுவான வகையில் கோதுமை மாவு சேரும். சிலவற்றில் ஜெலட்டின் உண்டு, சைவம் என்றால் பார்த்து வாங்குங்கள்.

உப்பு விஷயம்தான் வேடிக்கை. வாயில் போட்டதும் நாக்கு சுருண்டுவிடும், ஆனால் அட்டவணையில் உப்பு கொஞ்சம்தான் என்று போட்டிருக்கும். பொய்யில்லை. அந்தக் கரிப்பு நவச்சாரத்தினுடையது, அதாவது அம்மோனியம் குளோரைடு. பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசும்போது தூவுவார்களே, அதே சரக்கு. ஐரோப்பாவில் உப்பின் அளவைச் சோடியத்தை வைத்துத்தான் கணக்கிடுகிறார்கள். நவச்சாரத்தில் சோடியமே கிடையாது.

அதைப் பார்த்து, 'உப்பு கம்மிதானே, அம்மா சாப்பிடட்டும்' என்று நினைத்துவிடாதீர்கள். ரத்த அழுத்தத்தை ஏற்றுவது இதிலுள்ள அதிமதுரம். அதன் இனிப்புப் பொருளான கிளைசிரைசின், சிறுநீரகத்தில் கார்ட்டிசால் என்ற ஹார்மோனைச் செயலிழக்க வைக்கும் நொதியைத் தடுத்துவிடுகிறது. அப்புறம் உடம்பு சோடியத்தையும் நீரையும் பிடித்து வைத்துக்கொண்டு பொட்டாசியத்தை வெளியே தள்ளும். அம்மாவின் மாத்திரை சிறுநீரைப் பெருக்கும் வகை என்றால் அதிலும் பொட்டாசியம் போகலாம், இரண்டும் சேர்ந்தால் இதயத் துடிப்பே தாறுமாறாகலாம்.

கிளைசிரைசின் ஒரு நாளைக்கு 100 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது ஐரோப்பிய நிபுணர் குழுவின் பரிந்துரை. பாக்கெட்டில் எத்தனை மில்லிகிராம் என்று போடமாட்டார்கள். கிலோவுக்கு 4 கிராம் அல்லது அதற்கு மேல் இருந்தால் மட்டும், ரத்த அழுத்தம் உள்ளவர்கள் அதிகம் சாப்பிட வேண்டாம் என்று அச்சிட்டாக வேண்டும். நாற்பது வயதைத் தாண்டியவர்கள் கறுப்பு அதிமதுர மிட்டாயைத் தினமும் 57 கிராம் வீதம் இரண்டு வாரம் தின்றாலே இதயத் துடிப்பு பாதிக்கப்படலாம் என்கிறது அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. ஃபின்லாந்தில் கர்ப்பிணிகளுக்கும் இதைத் தவிர்க்கச் சொல்கிறார்கள்.

ஆரோக்கியமானவர்கள் எப்போதாவது ஒன்றிரண்டு சப்பினால் ஒன்றும் ஆகாது. அம்மாவுக்கு வேண்டாம், சாக்லேட் வாங்கிப் போங்கள். ஏற்கெனவே தினமும் சாப்பிட்டு வருகிறார் என்றால் நிறுத்தச் சொல்லிவிட்டு, டாக்டரிடம் சொல்லிப் பொட்டாசியம் அளவைப் பாருங்கள்.