கிரான்போர்ன் யார், சாலிஸ்பரி யார்? – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

1866 ஒரிசா பஞ்சத்தின்போது லண்டனில் இந்திய விவகாரங்களுக்கான பிரிட்டிஷ் அமைச்சராக இருந்தவர் கிரான்போர்ன் பிரபு என்று படித்தேன். 1876இல் சென்னை மாகாணப் பஞ்சம் தொடங்கியபோது அதே நாற்காலியில் சாலிஸ்பரி பிரபு. இருவரும் செசில் குடும்பம் என்கிறார்கள். அண்ணன் தம்பியா? பட்டம் இருந்ததால்தான் பதவி கிடைத்ததா?

ஒரு வாசகர், தஞ்சாவூர்

அன்புள்ள நண்பருக்கு,

இருவரும் ஒரே ஆள்தான். 1830இல் பிறந்த ராபர்ட் செசில். அண்ணன் இருந்தவரை வெறும் லார்ட் ராபர்ட். 1865இல் அண்ணன் இறந்ததும், சாலிஸ்பரி பட்டத்தின் வாரிசுக்குரிய கிரான்போர்ன் வைகவுண்ட் (வைகவுண்ட், ஏர்ல், மார்க்விஸ் எல்லாம் ஏறுவரிசையில் பிரபுப் பட்டங்கள்) என்ற பெயர் வந்தது. அது மரியாதைப் பெயர் மட்டுமே என்பதால் தேர்தலில் வென்றவர்கள் அமரும் காமன்ஸ் சபையிலேயே நீடித்தார். 1868இல் அப்பா இறந்தார். இவர் 3ஆவது சாலிஸ்பரி மார்க்விஸாகி பிரபுக்கள் சபைக்குப் போனார். பிரிட்டிஷ் வரலாறு படிக்கும்போது பெயரோடு ஆண்டையும் சேர்த்துப் பார்த்தால் இந்தக் குழப்பம் வராது.

உங்கள் இரண்டாவது கேள்விதான் முக்கியமானது. தொடக்கத்தில் இந்தக் குடும்பத்தில் பதவிதான் பட்டத்தைக் கொண்டுவந்தது. இந்தக் குடும்பத்தை உயர்த்திய முன்னோர் வில்லியம் செசில் பெரிய பிரபு வம்சத்தில் பிறந்தவர் அல்ல. 1558இல் முதலாம் எலிசபெத் அரியணை ஏறியதும் அரசுச் செயலர் ஆனார். 13 ஆண்டு உழைப்புக்குப் பிறகு, 1571இல்தான் பர்லி பிரபு. அடுத்த ஆண்டு கருவூலத் தலைவர். 1598இல் சாகும்வரை அந்தப் பொறுப்பில் இருந்தார். அவருடைய இரண்டு மகன்களையும் 1605இல் ஒரே நாளில் ஏர்ல் ஆக்கினார் மன்னர் ஜேம்ஸ்: மூத்தவர் தாமஸ் எக்ஸெட்டர் ஏர்ல், இளையவர் ராபர்ட் சாலிஸ்பரி ஏர்ல். அப்பாவின் இரண்டு பதவிகளையும் வகித்தவர் இளையவர்தான். 1612இல் அவரும் போனபிறகு, இரண்டு நூற்றாண்டுக்கும் மேலாகச் சாலிஸ்பரி கிளையில் அப்படி நாட்டை நடத்தியவர் யாரும் இல்லை. பட்டம் மட்டும் தலைமுறை தலைமுறையாக இறங்கியது, 1789இல் மார்க்விஸாகவும் உயர்ந்தது.

அதற்காக, பிறப்பு உதவவில்லை என்று சொல்லமாட்டேன். நம்முடைய ராபர்ட் 1853இல், 23 வயதில், ஸ்டாம்ஃபோர்ட் தொகுதியில் போட்டியின்றி வென்றார். அது எக்ஸெட்டர் கிளையின் கைக்குள் இருந்த தொகுதி. அப்புறம் அவர் காட்டிய திறமை அவருடையது: அப்பாவுக்குப் பிடிக்காத கல்யாணம் செய்து, பத்திரிகைகளில் எழுதிச் சம்பாதித்திருக்கிறார். ஆனால் உள்ளே நுழைய வாசல் திறந்தே கிடந்தது. மூன்று முறை, மொத்தம் 13 ஆண்டுக்கு மேல் பிரதமர். 1900இல் மருமகன் செல்போர்ன் கடற்படை அமைச்சர், மூத்த மகன் வெளியுறவுத் துணை அமைச்சர். அப்போது லண்டனில் புதிதாக இருந்த விடுதியின் பெயரை வைத்து அந்த அரசையே ‘ஹோட்டல் செசில்’ என்று கிண்டல் செய்தார்கள். 1902இல் விலகியபோது அக்கா மகன் பால்ஃபர் பிரதமரானார்.

இதில் எனக்கு ஆறாத விஷயம் ஒரிசாதான். பதவிக்கு வந்த புதிதில், பஞ்சம் பற்றிய தகவல் இருந்தும் இரண்டு மாதம் எதுவும் செய்யவில்லை என்று பின்னாளில் அவரே வருந்தினார். அதற்குள் பருவமழை துறைமுகங்களை அடைத்துவிட்டது. இறந்தவர்கள் சுமார் பத்து லட்சம். பதவியிலிருந்து அவர் விலகியதும் இந்தப் பஞ்சத்துக்காக அல்ல. இங்கிலாந்தில் வாக்குரிமையை விரிவாக்கும் மசோதாவை எதிர்த்து, 1867இல் விலகினார். 1874இல் அதே துறைக்குத் திரும்பியும் வந்தார்.