எடை போடும் நாள்

கேள்வி: பாலக்கோடு பக்கம் அங்கன்வாடிப் பணியாளராக இருக்கிறேன். மையத்துக்கு வரும் ஒரு குழந்தையின் தாய்க்குக் கையில் அடிக்கடி கன்றிப்போன தடம். கேட்டால் "மாடு முட்டிருச்சுக்கா" என்கிறாள். யூதப் பெண்களின் குளியலிடத்தில் வேலை செய்பவர்களுக்கு இதைக் கண்டுகொள்ளப் பயிற்சி தருகிறார்களாமே? நான் தலையிட்டால் என்மேல் வழக்கு வருமா?
- பெயர் வேண்டாம்

பதில்: பயிற்சி உண்மைதான், இஸ்ரேலிலும் அமெரிக்காவிலும் நடக்கிறது. ஆசாரமான யூதக் குடும்பத்தில் மணமான பெண் மாதவிலக்கு நின்று 7 நாள் கழித்து 'மிக்வே' என்ற நீர்த்தொட்டியில் முழுக வேண்டும். சரியாக முங்கினாளா என்று பார்க்க ஒரு பெண் உடனிருப்பார். சேலைக்குள் மறைக்கிற மாதிரியான காயமெல்லாம் அவர் கண்ணில் படும். அங்கேயும் 'ஷாலோம் பாயித்', அதாவது வீட்டு அமைதி, என்றொரு சொல் உண்டு. நல்ல சொல்தான். அடி வாங்கியவளிடம் சொன்னால் நம் ஊர் "அனுசரிச்சுப் போம்மா"வாகிவிடும். போதாக்குறைக்கு, 'கெத்' என்ற மணவிலக்குப் பத்திரத்தைக் கணவன் கொடுக்காவிட்டால் மதமுறைப்படி அவளுக்கு மறுமணமும் இல்லை.

மிக்வேக்குள் கணவன் வர மாட்டான். உங்களுக்கு அப்படியொரு இடம், மையத்தில் குழந்தைகளுக்கு எடை போடும் நாள்.

கிராம சுகாதார செவிலியராக இருந்தபோது மாமியாரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே ஒருத்தியிடம் "என்னம்மா காயம்?" என்று கேட்டுவிட்டேன். அடுத்த மாதம் தடுப்பூசிக்கே அவள் வரவில்லை. இன்னும் உறுத்துகிறது.

அதனால் தனியாகக் கேளுங்கள். "வீட்டுல பயமா இருக்கா?" போதும். இல்லை என்றால் விட்டுவிடுங்கள், அடுத்த மாதமும் வருவாள். புருஷனைக் கூப்பிட்டுக் கண்டிக்கப் போகாதீர்கள், அந்த அடியும் அவளுக்குத்தான் விழும். 181 என்ற பெண்கள் உதவி எண்ணை வாட்ஸ்அப்பில் அனுப்பவே வேண்டாம். மூன்று இலக்கம்தானே, வாயால் சொல்லிக்கொடுங்கள்.

வழக்குப் பயம் வேண்டாம். 2005-ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைச் சட்டம், 4-ஆம் பிரிவின்படி யார் வேண்டுமானாலும் பாதுகாப்பு அலுவலரிடம் தகவல் சொல்லலாம். நல்லெண்ணத்தில் சொன்னவர் மேல் வழக்கு போட முடியாது. மாவட்ட சமூக நல அலுவலகத்தில் விசாரியுங்கள். ஆனால் உயிருக்கு ஆபத்து என்றால் தவிர, அவள் சம்மதம் இல்லாமல் போகாதீர்கள். புகார் கொடுத்தால் வீட்டைவிட்டுப் போகணும் என்று நினைத்துப் பயப்படுவாள். 17-ஆம் பிரிவு அந்த வீட்டிலேயே இருக்கும் உரிமையைத் தருகிறது, அதையும் சொல்லுங்கள்.

அப்புறம், அவளுடைய ஆதார், குழந்தையின் பிறப்புச் சான்றிதழ் நகல்களை மையத்தில் வாங்கி வையுங்கள், அவசரமாகக் கிளம்ப நேர்ந்தால் உதவும். வீட்டில் யாராவது கேட்டால், பதிவேட்டுக்கு வேணுமாம் என்று சொல்லிக்கொள்ளட்டும்.