டேட்டாபேஸ் பேக்கப்: ஆர்சிங்க் ஏன் தினமும் முழு ஃபைலையும் அனுப்புகிறது?

டேட்டாபேஸில் தினமும் கொஞ்சம்தான் மாறுகிறது, ஆனாலும் ஆர்சிங்க் (rsync, ஃபைல்களை வேறு கணினிக்கு நகலெடுக்கும் கருவி) வழியாக டம்ப் (டேட்டாபேஸை ஃபைலாக எடுத்த பிரதி) முழுவதும் போய் மணிக்கணக்கில் இழுக்கிறது என்கிறீர்கள். நெட்வொர்க்கைத் திட்டுவதற்கு முன், டம்பை ஜிஜிப்பால் (gzip) சுருக்குகிறீர்களா என்று பாருங்கள். சுருக்கிய ஃபைலில் தொடக்கத்தில் ஒரு வரி மாறினாலே அதற்குப் பின்னால் உள்ள பைட்டுகள் எல்லாம் வேறாகிவிடும். மாறிய பகுதியை மட்டும் அனுப்பும் ஆர்சிங்கின் வித்தை அங்கே பலிக்காது. ஜிஜிப்பில் 'ஆர்சிங்கபிள்' (--rsyncable) ஆப்ஷனைப் போடுங்கள், மாற்றம் அந்த இடத்தைச் சுற்றியே நின்றுவிடும். ஃபைல் சற்றுப் பெருக்கும், பரவாயில்லை. ஃபைல் பெயரில் தேதி சேர்க்கிறீர்களா? அப்படியானால் ஒப்பிட அதே பெயரில் பழைய பிரதியே சிக்காது.

அதன் பிறகும் மெதுவென்றால் சந்தேகம் டிஸ்க் மேல்தான். ஒப்பிடுவதற்கு இரு பக்கமும் முழு ஃபைலையும் படித்தாக வேண்டும். நெட்வொர்க் வேகமாக இருந்தால் ஆர்சிங்கில் 'ஹோல்-ஃபைல்' (--whole-file) ஆப்ஷனைப் போட்டு, ஒப்பிடாமல் நேராக அனுப்புவதே சீக்கிரம் முடியும். ஆனால் ஓடிக்கொண்டிருக்கும் டேட்டாபேஸின் ஃபோல்டரை அப்படியே சிங்க் செய்துவிடாதீர்கள், மீட்கும்போது அந்தப் பிரதி திறக்காமலே போகலாம்.