பக்கவாத நோயாளிக்கு ஆஸ்பத்திரிக்குள் வீணாகும் நேரத்தைக் குறைக்க முடியுமா?

முடியும். பின்லாந்தின் ஹெல்சின்கி பல்கலைக்கழக மருத்துவமனை செய்தே காட்டியிருக்கிறது. நோயாளி வாசலுக்கு வந்ததிலிருந்து ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி போட 1998-ல் அங்கே 105 நிமிடம் ஆனது. 2011-ல் 20 நிமிடம்.

புது மருந்தெல்லாம் இல்லை, கட்டியைக் கரைக்கும் அதே ஆல்டிப்ளேஸ் மருந்துதான். வேலை நடக்கும் வரிசையைத்தான் மாற்றினார்கள், அதுவும் 13 வருஷமாக ஒவ்வொன்றாக. ஆம்புலன்ஸ் வழியில் இருக்கும்போதே போன் வந்துவிடும். டாக்டர் பழைய ரெக்கார்டைப் பார்த்து, சி.டி. ஸ்கேனுக்கும் சொல்லிவைத்துவிடுவார். வந்திறங்கியதும் கட்டில் மாற்றுகிற வேலையே கிடையாது. ஆம்புலன்ஸ் ஸ்ட்ரெச்சரிலேயே நேரே ஸ்கேன் அறைக்கு. படத்தில் ரத்தக்கசிவு இல்லையென்றால் அந்த மேசையிலேயே ஊசி. எல்லா ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டுக்கும் காத்திருப்பதில்லை. மூளையின் பெரிய ரத்தக்குழாய் அடைத்தால் நிமிடத்துக்குச் சுமார் 19 லட்சம் நரம்பணுக்கள் சாகும் என்று கணக்கு. ரிப்போர்ட் வரும்வரை அவை பொறுக்குமா?

கூட வருபவர்களுக்கும் ஒரு வேலை உண்டு. "கடைசியாக எப்போது நன்றாக இருந்தார்?" என்று டாக்டர் கேட்பார். அந்த நேரத்திலிருந்து ஊசிக்குப் பொதுவாக நாலரை மணி நேரம்தான் கெடு. காலை ஆறு மணிக்கு எழும்போதே கை விழுந்திருந்தால், ஆறு மணி என்று சொல்லாதீர்கள். இரவு படுக்கப் போன நேரத்தைச் சொல்லுங்கள்.