மூன்றாமவர் விலகினார், முதலிடம் மாறியது

கேள்வி: தோட்டத்துக் கோயில் மண்டபக் கூரையை மாற்ற மூன்று குத்தகையாளர்களிடம் கொட்டேஷன் வாங்கினோம். செயலாளரின் மகன் விலைக்குப் பாதி, வேலைத்தரத்துக்குப் பாதி என்று கம்ப்யூட்டரில் மார்க் போட்டான், இரண்டாமவர் முதலிடம் வந்தார். அப்புறம் மூன்றாமவர் விலகிக்கொண்டார். அவர் பெயரை எடுத்ததும் முதலாமவர் மேலே போய்விட்டார்! தம்பி கணக்கில் கை வைத்துவிட்டானா?
- நிர்வாகக் குழு உறுப்பினர், சுங்கை சிப்புட்

பதில்: தம்பியைத் திட்டாதீர்கள் ஐயா. நீங்கள் அனுப்பிய தாளைப் பார்த்தேன், கூட்டல் எல்லாம் சரி. ஆகக் குறைந்த விலைக்கு 100, ஆக அதிக விலைக்கு 0 என்று வைத்திருக்கிறான், சிக்கல் அங்கேதான். 48,000, 54,000, 78,000 வெள்ளி என்று மூவர் இருந்தபோது 54,000 கேட்டவருக்கு விலையில் 80 மார்க், தரத்திலும் 80, ஆக மொத்தம் 80. 48,000 கேட்டவருக்கு விலையில் 100, தரத்தில் 50, மொத்தம் 75. மூன்றாமவர் போனதும் 54,000தான் ஆக அதிக விலை, அதனால் விலை மார்க் 0, மொத்தம் 40க்கு விழுந்துவிட்டார், மனிதர் ஒரு காசுகூட ஏற்றவில்லை பாவம்!

படித்தவர்கள் முறையிலும் இது நடக்கும். பல அம்சங்களுக்கு எடை கொடுத்து ஒன்றைத் தேர்ந்தெடுக்க தாமஸ் சாட்டி உருவாக்கிய ஏஎச்பி முறையில் ஒரு புதுப் போட்டியாளர் நுழைந்தால் பழையவர்களின் வரிசை புரளலாம் என்று 1983இல் பெல்ட்டன், கியர் என்ற ஆய்வாளர்கள் காட்டினார்கள்.

குறைந்த விலையை அவரவர் விலையால் வகுத்து 100ஆல் பெருக்கச் சொல்லுங்கள். 54,000க்கு 89 வரும், மொத்தம் 84, மூன்றாமவர் இருந்தாலும் போனாலும் இரண்டாமவர்தான் முன்னே. ஆனால் குறைந்த விலைக்காரரே விலகினால் இதிலும் மார்க் நகரும், ஆகவே குழு தன் சொந்தச் செலவு மதிப்பீட்டைக் கொட்டேஷன் உறை பிரிக்கும் முன் எழுதி வைத்து அதோடு ஒப்பிடுவது இன்னும் நல்லது. பாதிக்குப் பாதி என்பதையும் அப்போதே எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். உறை பிரித்தபின் எடை போட்டால் யாருடைய மைத்துனர் ஜெயிப்பார் என்பது உங்களுக்கே தெரியும்.

கேள்வி: பாலர் பள்ளி வேனுக்கு ஓட்டுநர் எடுக்கவும் இப்படி மார்க் போடலாமா?
- ஒரு தாய், தாப்பா

பதில்: போடலாம் அம்மா, ஆனால் எல்லாவற்றையும் கூட்டிவிடாதீர்கள். கூட்டல் கணக்கில் ஒரு குறையை இன்னொரு நிறை மூடிவிடும், பயணிகளை ஏற்றி ஓட்டத் தேவையான பிஎஸ்வி லைசென்ஸ் இல்லாதவர்கூட இனிமையாகப் பேசி மேலே வந்துவிடுவார். அதனால் லைசென்ஸ் இருக்கிறதா, இல்லையா என்பதை முதலில் பாருங்கள், இல்லாதவர் பெயர் தாளிலேயே ஏற வேண்டாம். மீதியுள்ளவர்களுக்கு மட்டும் அனுபவம், நேரந்தவறாமை, பிள்ளைகளிடம் பொறுமை என்று மார்க் போடுங்கள். எதற்கு எவ்வளவு எடை என்று சண்டை வந்தால் சாட்டி முறை உதவும்: இரண்டிரண்டாக எடுத்து ஒன்றைவிட மற்றது எவ்வளவு முக்கியம் என்று 1 முதல் 9 வரை சொல்லச் சொல்வார்கள். பதில்கள் ஒன்றுக்கொன்று எவ்வளவு முரண்படுகின்றன என்று அந்த முறையே கணக்கிட்டுக் காட்டும் முரண்பாட்டு விகிதம் 0.1ஐத் தாண்டினால் திரும்பக் கேளுங்கள். மூன்று அம்சம்தானே, தேநீர் ஆறுவதற்குள் முடிந்துவிடும்.