உறைபனி இரவும் கேரவன் குழாயும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

மழை விலகி வானம் பளிச்சென்று தெளிந்துவிட்டால் நீலகிரியில் முதலில் நீர்ப்பனி, அடுத்து உறைபனி. ஊட்டியில் குழாய் வேலை பார்க்கும் எனக்கு அந்த மாதங்களில் விடிந்ததும் விடியாததுமாக போன் வரும். முன்பெல்லாம் வீடுகளிலிருந்தும் காட்டேஜ்களிலிருந்தும் மட்டும்தான். இப்போது கேரவன்காரர்களும் (படுக்க, சமைக்க வசதியுள்ள வண்டியில் வருபவர்கள்) கூப்பிடுகிறார்கள். அவர்கள் கேட்டதில் பலருக்கும் பயன்படக்கூடிய சில கேள்விகள் இங்கே.

பொங்கல் லீவில் கேரவனோடு தலைக்குந்தா பக்கம் தங்கப் போகிறோம், அண்ணா. பேப்பரில் 3 டிகிரி என்றுதான் போடுகிறார்கள். 0-க்குக் கீழே போகாதபோது குழாய் எப்படி உறையும்? (திருப்பூர்)

செய்தியில் வரும் அளவு, தரையிலிருந்து ஏறக்குறைய 4 அடி உயரத்தில், காற்றோட்டமான பெட்டிக்குள் நிழலில் இருக்கும் தெர்மாமீட்டர் காட்டுவது. உங்கள் ஹோஸ் கிடப்பதோ புல் மேல். காற்றசையாத, மேகமில்லாத ராத்திரியில் புல், கார் கூரை, ரப்பர் ஹோஸ் எல்லாம் தங்கள் சூட்டை வானத்துக்கு விட்டுவிட்டு, சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர்ந்துவிடும். 3 டிகிரி என்று போட்ட நாளிலும் கார் கண்ணாடியில் உப்புத் தூவியதுபோல் பனி படிந்திருப்பது இதனால்தான். தாவரவியல் பூங்காவில் செடிகள் மேல் மிலார் என்ற செடியின் கொத்துகளை வைத்து மூடுகிறார்களே, அது இந்தச் சூடு மேலே போகாமல் தடுக்கத்தான்.

ஊட்டிக்குப் பக்கத்தில் உள்ள தலைக்குந்தா பள்ளமான இடம். குளிர்காற்று கனமானது, சரிவில் தண்ணீர் மாதிரி இறங்கி அங்கே தேங்கும். ராத்திரி கேம்ப் குழாயோடு ஹோஸை இணைத்தே வைக்காதீர்கள். கழற்றி, தோள் உயரத்துக்குத் தூக்கித் தூக்கி உள்ளே இருக்கும் தண்ணீரை வடித்து, சுருட்டி வண்டிக்குள் வையுங்கள்.

100 லிட்டர் டேங்க் முழுக்க உறைந்துவிடுமா? (ஈரோடு)

ஊட்டியில் ஒரு ராத்திரியில் உறையாது. 10 டிகிரித் தண்ணீரை 0-க்கு இறக்க எவ்வளவு சூடு வெளியேற வேண்டுமோ, அதைப்போல இன்னும் 8 மடங்கு வெளியேறினால்தான் அது முழுக்கக் கட்டியாகும். நம் உறைபனி விடியலை ஒட்டிய சில மணி நேரம்தான். டேங்க் தாக்குப்பிடிக்கும். டேங்குக்கு அடியில் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் அரை இன்ச் குழாயும் அதன் வால்வும்தான் முதலில் உறையும்.

பைப்பில் சாக்கும் கம்பளியும் சுற்றினேன். அப்படியும் ஃபில்டர் உடைந்துவிட்டது. என்ன தப்பு செய்தேன்? (கோயம்புத்தூர்)

சுற்றுவது சூட்டைத் தராது. இருக்கும் சூடு மெதுவாகப் போகும், அவ்வளவுதான். சாக்கு நனைந்துவிட்டால் அதுவும் கிடையாது. சுற்றத்தான் வேண்டுமென்றால் ஏசி மெக்கானிக்குகள் செம்புக் குழாயில் மாட்டும் கறுப்பு ஸ்லீவை வாங்குங்கள். அது தண்ணீர் குடிக்காது.

உங்கள் கேள்வியில் முக்கியமானது ஃபில்டர். தண்ணீர் உறையும்போது ஏறக்குறைய 9 சதவீதம் பருக்கிறது. நேரான குழாயில் பனிக்கட்டிக்குக் கொஞ்சம் நகர இடம் உண்டு. இரண்டு பக்கமும் அடைத்த இடத்தில் கிடையாது. பனிக்கட்டிக்கும் மூடியிருக்கும் டேப்புக்கும் நடுவில் மாட்டிய தண்ணீரில் அழுத்தம் ஏறிக்கொண்டே போய், எது பலவீனமோ அது விடும். அதனால் உடைவது பெரும்பாலும் நீளக் குழாயாக இருக்காது. ஃபில்டர் கிண்ணம், பம்ப்பின் தலை, ஷவர் மிக்சர், பிளாஸ்டிக் எல்போ, இவைதான்.

போன ஜனவரியில் ஒரு வண்டியைப் பார்த்தேன். காலை ஏழு மணிக்கு எல்லாம் நன்றாகத்தான் இருந்தது, ஒரு சொட்டுக்கூடக் கசியவில்லை. வெயில் ஏறி ஒன்பதரை ஆனபோது ஃபில்டர் கிண்ணத்தின் அடியில் நகத்தால் கீறியதுபோல் ஒரு கோடு. அதில் வரிசையாக முத்து முத்தாகத் தண்ணீர் கோத்தது. உடைந்தது ராத்திரியிலேயே. உள்ளே இருந்த பனிக்கட்டியே அதுவரை அடைப்பாக நின்றிருக்கிறது. எனவே உறைந்த காலையில் பம்ப்பைப் போட்டுவிட்டு வெளியே கிளம்பாதீர்கள். எல்லாம் உருகி, ஒவ்வொரு இணைப்பையும் கையால் தடவிப் பார்த்த பிறகு கிளம்புங்கள்.

தூங்கப் போகும் முன் பம்ப் சுவிட்சை அணையுங்கள். எல்லாக் குழாயையும், சூடு, பச்சைத் தண்ணீர் இரண்டு பக்கமும் திறந்து அழுத்தத்தை விட்டுவிட்டு, திறந்தபடியே வையுங்கள். ஃபில்டர் கிண்ணத்தைக் கழற்றிக் கொட்டிவிடுங்கள். சிங்க் அலமாரிக் கதவைத் திறந்து வைத்தால், நீங்கள் படுத்திருக்கும் அறையின் சூடு உள்ளே இருக்கும் குழாய்க்கும் போகும். நீலகிரிக்கு இது போதும். வீட்டில் குழாயைச் சொட்டவிடுவதுபோல் கேரவனில் செய்ய வேண்டாம். பம்ப் ராத்திரி முழுக்க ஓடி ஓடி பேட்டரி இறங்கிவிடும்.

இரண்டு மாதம் வண்டியை ஊட்டியிலேயே ஆளில்லாமல் நிறுத்தப் போகிறேன். கார் கூலன்ட் ஊற்றி வைக்கலாமா? (சென்னை)

தயவுசெய்து வேண்டாம். கார் கூலன்ட் பெரும்பாலும் எத்திலீன் கிளைக்கால். விஷம், ஆனால் தித்திக்கும். குடிதண்ணீர் லைனில் அது ஒருமுறைகூட ஏறக்கூடாது. வெளிநாடுகளில் கேரவன் குழாய்க்கென்று விற்பது புரொப்பிலீன் கிளைக்கால் கலந்தது, அது வேறு.

ஆளில்லாத வண்டிக்கு முழுசாக வடிப்பதே வழி. டேங்க்கைத் திறந்துவிடுங்கள். கீசரின் மின்சாரத்தை முதலில் நிறுத்தி, ஆறவிட்டு, அழுத்தத்தை விட்டு, பிறகு வடியுங்கள். காலியான கீசரில் தெரியாமல் சுவிட்சைப் போட்டால் சூடேற்றும் கம்பிச்சுருள் (காயில்) கருகிவிடும், எனவே சுவிட்ச் மேல் ஒட்டுத்தாள் ஒட்டுங்கள். பம்ப்பைச் சில நொடி தண்ணீரில்லாமல் ஓடவிட்டால் உள்ளே மிஞ்சியதைத் துப்பிவிடும்.

அதன் பின் லைனுக்குள் காற்றடிக்க வேண்டும். பஞ்சர் கடை கம்ப்ரசரில் காற்றழுத்தம் 100 பி.எஸ்.ஐ.க்கு மேலேயே இருக்கும். அதை அப்படியே செருகினால் பனி செய்ய வேண்டிய வேலையை நீங்களே செய்துவிடுவீர்கள். ரெகுலேட்டர் வைத்து 30, மிஞ்சிப்போனால் 40. தொலைவில் உள்ள குழாயிலிருந்து ஆரம்பித்து ஒவ்வொன்றாகத் திறந்து, தண்ணீர் தெறிப்பது நின்று வெறும் காற்று வரும்வரை விடுங்கள். டாய்லெட் ஃப்ளஷ்ஷையும் ஹெல்த் ஃபாசெட்டையும் எல்லோரும் மறக்கிறார்கள்.

இன்னொன்று, பால் வால்வு (உருண்டை வால்வு). அதை மூடினால் நடுவில் இருக்கும் உருண்டையின் துளைக்குள் ஒரு மடக்குத் தண்ணீர் சிறைப்பட்டுவிடும். வடித்த பிறகு கைப்பிடியைப் பாதியில், சாய்வாக நிறுத்திவிட்டுப் போங்கள். அந்த ஒரு மடக்கு உறைந்து விரிசல்விட்ட வால்வுகளை நிறைய மாற்றியிருக்கிறேன்.

காலையில் தண்ணீரே வரவில்லை என்றால் கொதிக்கக் கொதிக்க ஊற்றலாமா? (மதுரை)

கூடாது. பிளாஸ்டிக் ஃபிட்டிங் அந்த அதிர்ச்சியில் விரியும். நெருப்பு காட்டுவதை நினைக்கவே வேண்டாம். குழாயைத் திறந்து வைத்து, அந்தப் பக்கத்திலிருந்து ஆரம்பித்து, வெதுவெதுப்பான நீரில் பிழிந்த துணியைச் சுற்றிக்கொண்டே வாருங்கள். ஹேர் டிரையர் இருந்தால் குறைந்த சூட்டில் காட்டலாம். அவசரமில்லையென்றால் வெயிலே உருக்கிவிடும்.

கேஸும் காலையில் சிம்மிலேயே எரிகிறது. வண்டிக்குள் கரி அடுப்பு வைத்தால் குழாய்க்கும் நமக்கும் சூடாக இருக்குமே? (திருச்சி)

சிலிண்டரில் உள்ள பியூட்டேன் ஏறக்குறைய 0 டிகிரியில் ஆவியாக மறுக்கும், அதனால்தான் மந்தம். வெயில் வந்தால் சரியாகும்.

கரி அடுப்பை மட்டும் மூடிய வண்டிக்குள் கொண்டுபோகாதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, தூக்கத்திலேயே ஆளைக் கொன்றுவிடும். இந்த மலைகளில் அப்படி உயிர்கள் போயிருக்கின்றன. குழாய் உடைந்தால் மாற்றிக்கொள்ளலாம். இரண்டு போர்வை கூடுதலாக எடுத்து வாருங்கள்.

கொடைக்கானலில் எந்த மாதிரி இடத்தில் நிறுத்துவது? (திண்டுக்கல்)

ஏரிக்கரைப் புல்வெளி பார்க்க அழகு, பனி விழுவதும் அங்கேதான் அதிகம். சரிவில் பாதி உயரத்தில், காலை வெயில் சீக்கிரம் விழும் கிழக்குப் பார்த்த இடமாக, அனுமதி உள்ள கேம்ப் தளத்தில் நிறுத்துங்கள். தண்ணீர் லைன் இருக்கும் பக்கம் வெயிலைப் பார்க்கட்டும்.

கழிவுநீர் டேங்க் உறையாமல் இருக்க அதன் வால்வை ராத்திரி திறந்து விடலாம் என்று ஒருவர் சொன்னார். சரியா? (சேலம்)

சரியில்லை. நீங்கள் சாண்டிநல்லா பக்கம் நின்றால் அந்தச் சோப்புத் தண்ணீர் ஓடையில் இறங்கி காமராஜர் சாகர் அணைக்குத்தான் போகும். பொழுது சாயும் முன்பே கேம்ப்பின் கழிவுத் தொட்டியில் காலி செய்துவிட்டு, வால்வை மூடிக்கொண்டு படுங்கள். அடியில் கொஞ்சம் மிஞ்சினாலும் மேலே பருக்க இடம் இருப்பதால் டேங்க்குக்கு ஒன்றும் ஆகாது. சிங்க்குக்குக் கீழே உள்ள வளைவில் நிற்கும் தண்ணீருக்கு ஒரு கைப்பிடி உப்பைக் கரைத்து ஊற்றுங்கள், நம் ஊர்ப் பனிக்கு அது உறையாது. காலையில் நிறையத் தண்ணீர்விட்டு அலசிவிடுங்கள், உப்பு நின்றால் இரும்பு பாகங்களை அரிக்கும்.