பழைய காருக்கு இன்ஜின் பார்ட்ஸ்: வாங்கும் முன் கேட்டவை

கேள்வி: என் காருக்கு வயது முப்பதைத் தாண்டிவிட்டது. இன்ஜினைப் பிரித்து முழுசாகச் சரிசெய்ய வேண்டும் என்கிறார் மெக்கானிக். மாடல் பெயரும் வருடமும் சொல்லித்தான் கேஸ்கெட் செட் (இன்ஜின் பாகங்களின் இணைப்பில் கசிவைத் தடுக்கும் தகடுகள்) வாங்கினேன். பொருந்தவில்லை. மாற்றி வாங்கியதும் பொருந்தவில்லை. கடைக்காரர்கள் ஏமாற்றுகிறார்களா?

பதில்: ஏமாற்று என்று சொல்ல இதில் எதுவும் இல்லை. நீங்கள் கொடுத்த தகவல்தான் போதவில்லை. கார் கம்பெனிகள் வருடக் கணக்குப் பார்த்து இன்ஜினை மாற்றுவதில்லை. ஒரே வருடத்தின் நடுவில் ஹெட் (சிலிண்டர்களின் மேல்மூடி) மாறும், ஆயில் பம்ப் மாறும், வாட்டர் பம்ப் மாறும். 'இந்த இன்ஜின் நம்பர் வரை ஒரு பார்ட், அதற்கு மேல் வேறு பார்ட்' என்றுதான் கம்பெனியின் பார்ட்ஸ் புத்தகத்தில் இருக்கும். போதாததற்கு, கார் பதிவான வருடமும் தயாரான வருடமும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை.

அதனால் முதலில் நம்பர்களை எடுங்கள். 17 எழுத்து கொண்ட சேசிஸ் நம்பர் 1981 வாக்கில்தான் பொதுவழக்கானது. அதற்கு முந்தைய வண்டிகளில் ஒவ்வொரு கம்பெனியும் தன் இஷ்டப்படி நம்பர் போட்டிருக்கும். 17 எழுத்து முறையில் ஐ, ஓ, க்யூ என்ற மூன்று ஆங்கில எழுத்துகள் வரவே வராது. நீங்கள் எழுதி வைத்ததில் ஓ இருந்தால் அது சைபர்.

அப்புறம் இன்ஜின் நம்பர். இதைப் பதிவு ஆவணத்தில் பார்க்காதீர்கள், துணியால் பிளாக்கை (சிலிண்டர்கள் உள்ள இன்ஜின் உடற்பகுதி) துடைத்து நேரில் பாருங்கள். இத்தனை வருடத்தில் முந்தைய உரிமையாளர் யாராவது வேறு இன்ஜினைப் பொருத்தியிருக்கலாம், ஹெட்டை மட்டும் மாற்றியிருக்கலாம். ஹெட்டிலும் பிளாக்கிலும் வார்ப்பிலேயே ஒரு நம்பர் இருக்கும். அதையும் குறித்துக்கொள்ளுங்கள். கார்புரேட்டர், டிஸ்ட்ரிபியூட்டர், ஆல்டர்னேட்டர் மூன்றுக்கும் தனித்தனி நம்பர் உண்டு. கார்புரேட்டர் கிட்டை அதன் நம்பர் சொல்லித்தான் வாங்க வேண்டும். கார் பெயர் சொன்னால் பாதி நேரம் தவறான டயஃப்ரம்தான் (வளையும் சவ்வு) வரும்.

கேள்வி: மேனுவல் வாங்கலாம் என்று பார்த்தால் பல வகை இருக்கின்றன. எது வேண்டும்?

பதில்: இரண்டு வேண்டும். கம்பெனி வெளியிட்ட ஒர்க்‌ஷாப் மேனுவல் ஒன்று, பார்ட்ஸ் கேட்டலாக் இன்னொன்று. காரோடு வரும் கையேடு ஆயிலும் டயர் காற்றும் பார்க்கத்தான் உதவும். ஒர்க்‌ஷாப் மேனுவல் எப்படிப் பிரிப்பது, எந்த அளவு வரை தேய்மானம் ஏற்கலாம் என்று சொல்லும். கேட்டலாக் ஒவ்வொரு பாகத்தையும் பிரித்துப் போட்ட படத்தோடு பார்ட் நம்பர் தரும். பலரும் முதலாவதை மட்டும் வாங்கி நிறுத்திவிடுகிறார்கள். பார்ட்ஸ் தேடுபவருக்கு இரண்டாவதுதான் உயிர். அது கையில் இருந்தால் எந்த நாட்டுக் கடையிலும் மொழி தெரியாமலே கேட்கலாம். கேட்கும்போது, அந்த நம்பருக்குப் பதிலாகக் கம்பெனி பிற்பாடு வேறு நம்பர் கொடுத்திருக்கிறதா என்றும் விசாரியுங்கள். 'ஸ்டாக் இல்லை' என்று பதில் வந்த பொருள் புது நம்பரில் கிடைப்பது அடிக்கடி நடக்கும்.

ஹேன்ஸ், சில்டன் போன்ற வெளிப் பதிப்பகங்களின் மேனுவல்களும் நல்லவை. 1960-களில் தொடங்கிய ஹேன்ஸ் வரிசை, ஒரு வண்டியை நிஜமாகவே பிரித்து மாட்டி, அதைப் படமெடுத்துப் போட்டே பெயர் வாங்கியது. சாதாரண வேலைகளுக்கு அதுவே போதும். ஆனால் இன்ஜினின் உள்ளளவுகளுக்கு நான் கம்பெனிப் புத்தகத்தைத்தான் நம்புவேன்.

ஸ்கேன் செய்த பிரதி வாங்கினால் பணம் கட்டும் முன் வயரிங் படத்தின் பக்கத்தையும் போல்ட்டுகளை எவ்வளவு இறுக்க வேண்டும் என்று சொல்லும் டார்க் அட்டவணையையும் அனுப்பச் சொல்லுங்கள். மங்கிப்போவதும் விடுபடுவதும் பெரும்பாலும் இவைதான். அட்டவணை எந்த அலகில் இருக்கிறது என்றும் பாருங்கள். ஒரு கிலோகிராம்-மீட்டர் டார்க் ஏறத்தாழ 9.8 நியூட்டன் மீட்டர், ஒரு பவுண்டு-அடி ஏறத்தாழ 1.36. பவுண்டு-அங்குலம் என்றிருந்தால் அது பவுண்டு-அடியில் பன்னிரண்டில் ஒரு பங்கு. இதைக் குழப்பினால் போல்ட் முறியும், இல்லையென்றால் அலுமினிய ஹெட்டின் மரை போய்விடும்.

கேள்வி: பிஸ்டன், ரிங், பேரிங் எல்லாம் ஒரே செட்டாகத் தள்ளுபடியில் வருகிறது. இப்போதே வாங்கி வைக்கலாமா?

பதில்: தயவுசெய்து வேண்டாம். இன்ஜினைப் பிரித்து அளக்காமல் இவற்றை வாங்குவது வீண் செலவு.

கிராங்க்‌ஷாஃப்ட் (பிஸ்டன்களின் அசைவைச் சுழற்சியாக்கும் தண்டு) தேய்ந்திருந்தால் கிரைண்டிங் செய்து விட்டத்தைக் குறைப்பார்கள். பேரிங்கும் அதற்கேற்ப 0.25 அல்லது 0.50 மில்லிமீட்டர் அண்டர்சைஸாக, அதாவது அந்த அளவு குறைந்த தண்டுக்கு ஏற்றதாக, வேண்டும். ஏற்கெனவே ஒரு முறை கிரைண்டிங் ஆகியிருக்கலாம். பழைய பேரிங்கைக் கழற்றி முதுகுப் பக்கம் பாருங்கள், அளவு அச்சாகியிருக்கும். சிலிண்டரில் கதை தலைகீழ்: போரிங் செய்தால், அதாவது துளையைக் கடைந்து பெரிதாக்கினால், ஓவர்சைஸ் (அதற்கேற்பப் பெரிய) பிஸ்டன் வேண்டும்.

இதில் வரிசை ரொம்ப முக்கியம். முதலில் அளவெடுப்பது. அடுத்து அந்த அளவுக்கு எந்த ஓவர்சைஸ் பிஸ்டன் உண்மையில் கிடைக்கிறது என்று தேடி, வாங்கிக் கையில் வைப்பது. அதன் பிறகே பிளாக்கை லேத்துக்கு அனுப்புவது. கையில் இருக்கும் பிஸ்டனை அளந்துதான் நல்ல தொழிலாளி போரிங் செய்வார். போரிங்கை முடித்துவிட்டுப் பிஸ்டன் தேடி அலைபவர்கள் கடைசியில் ஸ்லீவ் (சிலிண்டருக்குள் செருகும் உலோகக் குழாய்) போட வேண்டி வருகிறது. சரி, எந்த ஓவர்சைஸுமே கிடைக்கவில்லையா? அப்போது ஸ்லீவ் போட்டு ஸ்டாண்டர்டு அளவுக்கே கொண்டுவருவது நல்ல வழிதான். ஆனால் அதை முதலிலேயே முடிவு செய்ய வேண்டும்.

கேள்வி: பெட்டி பிரிக்காத பழைய ஸ்டாக் ஒரிஜினல் பார்ட்ஸ் ஒருவரிடம் மொத்தமாக இருக்கிறது. நம்பி வாங்கலாமா?

பதில்: உலோகம் என்றால் வாங்குங்கள், ரப்பர் என்றால் விடுங்கள். கேம்‌ஷாஃப்ட், ராக்கர், வால்வு, கியர், பிஸ்டன் எல்லாம் துருப்பிடிக்காமல் இருந்தால் எத்தனை வருடம் ஆனாலும் புதுசுதான். பேரிங் உட்காரும் பரப்பில் துருக்குழி இருக்கிறதா என்று மட்டும் வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். ஆயில் சீல், ஹோஸ், டைமிங் பெல்ட், ஃப்யூவல் பம்ப் டயஃப்ரம் ஆகியவை பெட்டிக்குள் இருந்தபடியே வயதாகி இறுகிவிடும். பல இன்ஜின்களில் டைமிங் பெல்ட் அறுந்தால் வால்வு பிஸ்டனில் மோதி வளையும். எத்தனால் கலந்த பெட்ரோல் புழங்கும் இடத்தில் பழைய ரப்பர் இன்னும் சீக்கிரம் போகும்.

இந்த ரப்பர் சாமான்கள்தான் புதிதாக எளிதில் கிடைப்பவையும். ஆயில் சீலின் உள்விட்டம், வெளிவிட்டம், அகலம் மூன்றும் பெரும்பாலும் அதன் மேலேயே இருக்கும். பால் பேரிங்கின் மேல் ஒரு பொது நம்பர் இருக்கும். 6203 என்றால் உள்ளே 17, வெளியே 40, அகலம் 12 மில்லிமீட்டர், எந்தக் கம்பெனி செய்தாலும். கார் கம்பெனியின் பெட்டிக்காக அதிகம் கொடுக்கத் தேவையில்லை.

கேள்வி: கம்பெனி தயாரிப்பை நிறுத்தியே விட்டது. இனி எங்கே தேடுவது?

பதில்: அதே இன்ஜின் வேறு எந்த வண்டியில் வந்தது என்று தேடுங்கள். பிரிட்டனின் ஏ-சீரிஸ் இன்ஜின் மோரிஸ் மைனர், மினி, எம்ஜி மிட்ஜெட் மூன்றிலும் ஓடியது. உள்ளே பல பாகங்கள் பொது. ஆனால் மினியில் கியர்பாக்ஸ் இன்ஜினுக்கு அடியில் இருப்பதால் கிராங்க்‌ஷாஃப்ட் வேறு. 'அதே இன்ஜின்' என்ற வார்த்தையை மட்டும் நம்பாமல் இரண்டு கேட்டலாக்கிலும் பார்ட் நம்பரை ஒப்பிடச் சொல்வது இதனால்தான்.

கார் கம்பெனிக்கு அந்தப் பாகத்தைச் செய்துகொடுத்தவரையும் தேடலாம். பிஸ்டனில் மாலே, மின்சார, இன்ஜெக்‌ஷன் சாமான்களில் பாஷ், டென்சோ என்ற பெயர்கள் பழைய பாகத்தின் மேலேயே இருக்கக்கூடும். போர்ஷே, மெர்சிடஸ் போன்றவை பழைய வண்டிகளுக்கென்றே தனிப் பிரிவு வைத்திருக்கின்றன. டொயோட்டாவும் ஜிஆர் ஹெரிடேஜ் பார்ட்ஸ் என்ற பெயரில் சில மாடல்களுக்கு நிறுத்திய பாகங்களை மறுபடி செய்கிறது.

செகண்ட் ஹேண்ட் ஹெட் வாங்க நேர்ந்தால் பிரஷர் டெஸ்ட் (அழுத்தம் கொடுத்து விரிசல், கசிவு பார்ப்பது) செய்து, அதில் தேறினால் மட்டுமே பணம் என்று முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். விற்பவர் மறுத்தால் அந்த ஹெட்டை விட்டுவிடுங்கள்.